கேமராவும் சென்சாரும் ஆஃப்லைன் ஆனால்: ரீசெட் பொத்தானைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்ற ஒரே சொல்தான் வரும். அதற்குப் பின்னால் நான்கு வேறு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும். கருவிக்குப் போதிய மின்சாரம் வராமல் இருக்கலாம். மின்சாரம் வந்தும் வைஃபையில் சேராமல் இருக்கலாம். வைஃபையில் சேர்ந்தும் ஐ.பி. முகவரி (ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) கிடைக்காமல் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் தயாரிப்பாளரின் சர்வரை எட்ட முடியாமல் இருக்கலாம். எது என்று தெரியாமலே பலரும் ரீசெட் துளையில் ஊசியைக் குத்திவிடுகிறார்கள். கேமரா உயிர்பெறுகிறது, இரண்டு நாளில் மறுபடி போகிறது.

ரீசெட் என்பது கடைசி வேலை. அது அமைப்புகளை அழிப்பதோடு, பழுது எங்கே இருந்தது என்பதற்கான தடயத்தையும் அழித்துவிடும். இரவில் 10 வோல்ட் மட்டும் வாங்கும் 12 வோல்ட் கேமராவை நூறு முறை ரீசெட் செய்தாலும் இரவு வந்தால் அது அணையத்தான் செய்யும்.

முதல் பத்து நிமிடம்

எத்தனை கருவிகள் போயின என்று எண்ணுங்கள். எல்லாமே போயிருந்தால் ரூட்டர், இணைய இணைப்பு, ஹப் (சென்சார்களை இணைக்கும் மையப் பெட்டி), சர்வர் இந்த நான்கில் ஒன்றுதான் காரணம். கேமராவின் அருகே ஏணி போட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் போயிருந்தால் அதன் மின்சாரத்தையும் சிக்னலையும் பாருங்கள். வீட்டின் ஒரு பக்கத்துக் கருவிகள் மட்டும் போயிருந்தால், அந்தப் பக்கத்துக்குப் பொதுவாக இருக்கும் ரிப்பீட்டர், மெஷ் பெட்டி, பி.ஓ.இ. ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் பெட்டி) அல்லது ஒரே அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, போனை வீட்டு வைஃபையில் வைத்துக் கேமராவைத் திறந்து பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வைஃபையில் படம் வந்து டேட்டாவில் வரவில்லை என்றால் கேமரா நலமாக இருக்கிறது; இணையத்திலோ சர்வரிலோதான் தடை.

இரண்டிலும் வரவில்லையா? ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, கேமராவின் ஸ்டிக்கரில் உள்ள மேக் முகவரியை (கருவிக்குத் தயாரிப்பிலேயே தந்த அடையாள எண்) தேடுங்கள். பட்டியலில் இல்லை என்றால் மின்சாரமோ வைஃபையோ பழுது. முகவரியோடு இருக்கிறது என்றால், போனிலோ கணினியிலோ அந்த ஐ.பி. முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். கேமரா ஆர்டிஎஸ்பி ஓடையை (வீட்டு நெட்வொர்க்கிலேயே நேரடிப் படம் அனுப்பும் முறை) ஆதரித்தால், விஎல்சி போன்ற பிளேயரில் அந்த முகவரியின் 554ஆம் போர்ட்டைத் திறந்து பார்க்கலாம். படம் வந்தால் கேமராவைக் கழற்றவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரி சென்சார்களைப் பிங் செய்து பார்க்க முடியாது. அவை பெரும்பாலான நேரம் தூங்கும். குறிப்பிட்ட இடைவெளியில் விழித்து ‘இருக்கிறேன்’ என்று ஹப்புக்கு ஒரு சிறு செய்தி அனுப்பும். அப்படிப் பல செய்திகள் தொடர்ந்து தவறிய பிறகுதான் ஹப் ‘ஆஃப்லைன்’ என்று எழுதும். ஆகவே நீங்கள் அறிவிப்பைப் பார்க்கும் நேரமும் சென்சார் உண்மையில் போன நேரமும் ஒன்றல்ல. இடையே பல மணி நேரம் இருக்கலாம். கதவைத் திறந்து மூடியோ சென்சார் முன்னால் நடந்தோ எழுப்பிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

எப்போது போகிறது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். ஆப்பின் நிகழ்வுப் பதிவில் ஒரு வார நேரங்களைத் தாளில் குறித்துப் பாருங்கள்.

*இருட்டியதும் போகிறது.* இதுதான் அடிக்கடி வருவது, அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. பகலில் 0.3 ஆம்பியர் எடுக்கும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் 0.8 ஆம்பியர் வரை எடுக்கலாம். கணக்குப் போடுவோம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 34 ஓம் மின்தடை. கேமரா 30 மீட்டர் தள்ளி இருந்தால் போக 30, வர 30, ஆக 60 மீட்டர்; ஏறத்தாழ 2 ஓம். பகலில் இழப்பு 0.6 வோல்ட், கேமராவுக்கு 11.4 வோல்ட் கிடைக்கும், ஓடும். இரவில் இழப்பு 1.6 வோல்ட், கிடைப்பது 10.4 தான். பல 12 வோல்ட் கேமராக்கள் 10 சதவீதக் குறைவு வரை, அதாவது 10.8 வோல்ட் வரைதான் தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் கேமரா அணையும். அணைந்ததும் சுமை விலகி வோல்ட் ஏறும், மீண்டும் உயிர்பெறும், விளக்கு எரியும், மறுபடி அணையும். விடியும்வரை இதே சுழற்சி.

சோதிக்க இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கேமராவின் ஒளி உணரியைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள், விளக்குகள் எரியும். அந்த நிலையில் கேமராவின் முனையில் மல்டிமீட்டரால் அளவெடுங்கள். அடாப்டரைக் கழற்றிச் சுமையில்லாமல் அளந்தால் கிடைக்கும் 12.2 வோல்ட்டை நம்பக் கூடாது; உள்ளே கெப்பாசிட்டர் வறண்டுபோன அடாப்டரும் சுமையில்லாதபோது ஒழுங்காகத்தான் காட்டும்.

தீர்வு: கம்பியை 1 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் இழப்பு பாதியாகும். அல்லது அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் அதே தடிமனுக்கு மின்தடை ஒன்றரை மடங்கு; வெட்டுவாயைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். சில மின்பெட்டிகளில் வோல்ட்டை ஏற்ற ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திருப்பித் தப்பிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதே பெட்டியிலிருந்து பக்கத்துக் கேமராவும் ஓடினால், அதற்கு 13.2 வோல்ட்டுக்கு மேல் போய்விடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி கேமராக்களிலும் இதே கதைதான், 5 வோல்ட்டில் இன்னும் மோசமாக. மெல்லிய 5 மீட்டர் கேபிளை எடுத்துவிட்டுத் தடித்த 1 மீட்டர் கேபிளில் ஓரிரவு ஓட்டிப் பாருங்கள். அடாப்டரின் மேல் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருப்பது நல்லது. டிவியின் யுஎஸ்பி துளை இதற்குப் போதாது.

பி.ஓ.இ. கேமராக்கள் இருட்டில் போனால் ஸ்விட்ச்சின் மொத்த வாட் அளவைப் பாருங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் தரும், கேபிள் இழப்பு போகக் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 802.3ஏடி தரத்தில் இது 30, 25.5 வாட். ஆனால் எட்டுப் போர்ட் இருப்பதால் எட்டுக்கும் முழு வாட் கிடைக்கும் என்று பொருளல்ல. மொத்தம் 60 வாட் தரும் ஸ்விட்ச்சில், பகலில் ஆளுக்கு 5 வாட் எடுக்கும் எட்டுக் கேமராக்கள் 40 வாட்டில் சுகமாக இருக்கும். இரவில் ஆளுக்கு 9 வாட் ஆனால் 72. ஸ்விட்ச் ஏதோ ஒரு போர்ட்டை வெட்டிவிடும். பலி பெரும்பாலும் முன்னுரிமை குறைந்த போர்ட்தான்.

*மழைக்குப் பின் போகிறது.* கேமராவின் வாலில் உள்ள ஆர்.ஜே.45 இணைப்பைத் திறந்து பாருங்கள். ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கேபிளில் எப்போதும் டிசி மின்சாரம் இருப்பதால் ஈரம் பட்ட செம்பு வேகமாக அரிக்கும். சுரண்டிச் சுத்தம் செய்வது வீண். முனையை வெட்டி, உள்ளே கம்பி பளபளப்பாகத் தெரியும்வரை பின்னால் போய், புதுப் பிளக் அடியுங்கள். பெட்டியில் வந்த நீர்ப்புகாக் கூட்டைப் போடுங்கள். பலர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சிலிக்கான் பூசுவதானால் புளிப்பு வாடை வராத வகையை வாங்குங்கள். வினிகர் வாடை வரும் வகை காயும்போது அமிலத்தை வெளிவிட்டுச் செம்பை அரிக்கும்.

*நண்பகலில் போகிறது.* வெப்பம். கேமராவுக்கு நிழல் மறைப்பு போடுங்கள். சோலார் தகட்டில் ஓடும் பேட்டரி கேமராவாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழும், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேலும் சார்ஜ் செய்யவிடாமல் உள்சுற்று தடுக்கும். நல்ல வெயில் அடிக்கும்போதும் சார்ஜ் ஏறாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

*தினமும் ஒரே மணிக்குப் போகிறது.* ரூட்டரின் தானியங்கி ரீஸ்டார்ட், குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு, ரூட்டர் தந்த ஐ.பி. முகவரியின் 24 மணி நேரக் குத்தகை முடிவது, டைமர் போட்ட சுவிட்ச். எல்லாம் அமைப்பில் தேடிப் பிடிக்கக்கூடியவை.

*மின்தடைக்குப் பின் திரும்பவில்லை.* கேமரா சில நொடிகளில் எழுந்துவிடும், ரூட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். சில கேமராக்கள் பல முறை முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். ஒழுங்குப்படி ஏற்றுங்கள்: முதலில் மோடம், பிறகு ரூட்டர், மூன்று நிமிடம் கழித்து ஸ்விட்ச்சும் ஹப்பும் என்.வி.ஆரும் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி), கடைசியில் கேமராக்கள். ரூட்டரையும் ஹப்பையும் ஒரு சிறு யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ரூட்டர் மாற்றிய பின் எல்லாமே போனால்

புது ரூட்டருக்கு, பழைய ரூட்டரின் அதே வைஃபை பெயரையும் அதே பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து வையுங்கள். பாதுகாப்பு வகையும் பழையதே இருக்கட்டும். பெரும்பாலான கருவிகள் தாமாகத் திரும்பிவிடும். பத்துக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலை மிச்சமாகும்.

அப்படியும் வராதவை இரண்டு காரணங்களால் நிற்கும். ஒன்று, ரூட்டர் டபிள்யூபிஏ3 (வைஃபை பாதுகாப்பின் புதிய வகை) மட்டும் என்ற நிலையில் இருக்கும். பழைய கேமராக்களுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த நிலைக்கு மாற்றுங்கள், அதிலும் வராவிட்டால் கருவிகளுக்கென ஒரு தனி வைஃபை பெயரை டபிள்யூபிஏ2-இல் வையுங்கள். இரண்டு, வீட்டுக் கேமராக்களும் டோர்பெல்களும் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரூட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் கலந்து தருவதால் சேர்க்கும் நேரத்தில் குழப்பம் வரும். சேர்க்கும்வரை 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வைத்துவிட்டுப் பிறகு திறந்துவிடலாம்.

கேமராவின் வைஃபையே பழுதோ என்ற ஐயம் வந்தால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ரூட்டரைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு, ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டுக்குக் கேமராவுக்குத் தெரிந்த வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் கேமராவின் அருகே வையுங்கள். கேமரா தானாக அதில் சேர்ந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ரூட்டரையோ தூரத்தையோ பாருங்கள்.

சிக்னல்

ஆப்பில் தெரியும் மூன்று கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிக்னலின் வலிமையைச் சொல்லும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். பல கேமரா ஆப்களிலும் ரூட்டர் பக்கங்களிலும் இருக்கும். எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 60 வரை நிம்மதி. மைனஸ் 67-ஐ வீடியோவுக்கான எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 75-இல் கேமரா இருக்கும், ஆனால் யாராவது மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் போய்விடும். போனைக் கொண்டு அளக்கும்போது கேமராவின் ஆன்டெனா போனைவிடப் பலவீனமானதாக இருக்கலாம் என்று ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் கதவு, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, கம்பி அடர்ந்த கான்கிரீட் ஆகியவை சிக்னலை விழுங்கும். ரூட்டரை ஒரு முழம் நகர்த்தினாலே சில நேரம் 5 டிபிஎம் கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஆள் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். 12, 13 சேனல்கள் எல்லாக் கருவிகளுக்கும் தெரியாது. ரூட்டர் தானாக அங்கே தாவிய நாளில் கேமரா மட்டும் காணாமல் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் கேமரா என்றால் 36 முதல் 48 வரையான சேனல்கள் நிலையானவை. 52 முதல் 144 வரை ராடாருடன் பகிர்ந்த பகுதி. ராடார் சிக்னல் என்று ரூட்டர் எண்ணிய கணத்தில் அந்தச் சேனலைவிட்டு விலகியாக வேண்டும், கேமரா அறுந்துவிடும்.

சிக்னல் நன்றாக இருந்தும் ஆஃப்லைன், ஆன்லைன் என்று ஆடினால் அப்லோடு வேகத்தைக் கணக்கிடுங்கள். 1080பி கேமரா ஒன்று சாதாரணமாக 2 முதல் 4 எம்பிபிஎஸ் எடுக்கும். நான்கு கேமராக்கள் இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்பினால் 16 வரை. உங்கள் அப்லோடு 10 என்றால் வரிசை முட்டும். பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) குறையுங்கள், அல்லது படத்தை இன்னும் சுருக்கி அனுப்பும் ஹெச்.265-க்கு மாற்றுங்கள்.

முகவரிக் குழப்பத்துக்கு ஒரே நல்ல மருந்து: ரூட்டரில் ஒவ்வொரு கேமராவின் மேக் முகவரிக்கும் ஒரு ஐ.பி.யை ஒதுக்கி வைப்பது. கேமராவிலேயே நிலையான முகவரி எழுதுவதைவிட இது பாதுகாப்பானது, இரண்டு கருவிகள் ஒரே முகவரிக்கு மோதாது. என்.வி.ஆரில் மட்டும் கேமரா காணவில்லை, ஆப்பில் இருக்கிறது என்றால் முகவரியோ பாஸ்வேர்டோ மாறியிருக்கும், என்.வி.ஆரில் அதைத் திருத்தினால் போதும். கேமராவின் தேதியையும் பாருங்கள். கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால் சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று கேமரா மறுத்துவிடும். நேரத்தைச் சரிசெய்த உடனே இணையும்.

பேட்டரி சென்சார்கள்

சதவீதத்தை நம்பாதீர்கள். லித்தியம் செல் கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டைத் தந்துவிட்டுத் திடீரென்று விழும். நேற்று 60 சதவீதம் காட்டிய சென்சார் இன்று போவது இயல்பே. சிஆர்123ஏ, சிஆர்2032 இரண்டும் 3 வோல்ட், 2.8-க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். ஏஏ போடும் சென்சாரில் ரீசார்ஜ் வகை போட்டால் 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் புதிதாகப் போட்ட அன்றே ‘பேட்டரி குறைவு’ என்று கத்தும். புது சிஆர்2032 போட்டும் உயிர் வரவில்லை என்றால் மேலே கசப்புப் பூச்சு இருக்கிறதா பாருங்கள். குழந்தைகள் விழுங்காதிருக்க அப்படிப் பூசுகிறார்கள், சில சென்சார்களின் தொடுமுனையில் அது தொடர்பைத் தடுக்கும். வேறு தயாரிப்பை வாங்கிப் போடுங்கள். கழற்றிய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள்: குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் பேசும் கம்பியில்லா முறை) சென்சார்கள் கூட்டமாகப் போனால், வீட்டில் யார் எந்தப் பிளக்கைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள். ஜிக்பீயில் மின்சாரத்தில் ஓடும் பிளக்கும் பல்பும் மற்றவற்றின் செய்தியைச் சுமந்து செல்லும். ஸ்மார்ட் பல்பைச் சுவர் சுவிட்சில் அணைத்தால், அதன் வழியாகப் பேசிய ஜன்னல் சென்சார்கள் அநாதையாகிவிடும். சுவர் சுவிட்சை எப்போதும் ஆனில் விடுங்கள். இல்லையேல் பல்பை நம்பாமல் தனியாக ஒரு ஸ்மார்ட் பிளக்கை வழியில் நிரந்தரமாக வையுங்கள்.

வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதும். வைஃபை 1, 6, 11 சேனல்களில் இருந்தால் ஜிக்பீக்கு 15, 20, 25 இடைவெளியில் கிடைக்கும். ஆனால் ஜிக்பீ சேனலை மாற்றினால் சில சென்சார்களை மறுபடி சேர்க்க வேண்டிவரும். வைஃபை பக்கத்தை நகர்த்துவது எளிது. ஹப் என்பது கணினியில் செருகும் யுஎஸ்பி குச்சியாக இருந்தால், யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து கசியும் இரைச்சல் இதே அலைவரிசையில் விழும். 1 மீட்டர் நீட்டிப்பு கேபிளில் குச்சியைத் தள்ளி வைத்தாலே தீர்ந்துவிடும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் ஹப்பையே மாற்றுவது வீண்செலவு.

கம்பி வழி அலாரப் பேனலில் ஒரு சோன் (ஒரு பகுதியின் சென்சார் இணைப்பு) பழுதானால், கம்பியைப் பேனலில் கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். கம்பியின் கடைசியில் வைத்த மின்தடையின் அளவு, 2.2 கிலோ ஓமோ 5.6 கிலோ ஓமோ, காட்டினால் கம்பி நலம். எல்லையற்றது என்றால் அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஒட்டியிருக்கிறது. பேனலின் 12 வோல்ட் பேட்டரி நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனதென்றால், அது இன்னும் தாங்குகிறதா என்று மின்சாரத்தை நிறுத்தி 10 நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். சிம் போட்ட பேனல் என்றால், 2ஜி, 3ஜி சேவைகள் பல நாடுகளில் நிறுத்தப்பட்டுவிட்டன. எந்தத் தலைமுறை மோடம் என்று லேபிளில் பாருங்கள்.

மெமரி கார்டு, பாஸ்வேர்டு, வேண்டுமென்றே செய்யும் தடை

காரணமில்லாமல் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும் கேமராவில் மெமரி கார்டை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். இடைவிடாமல் எழுதித் தேய்ந்த கார்டு கேமராவையே உறையவைக்கும். நீடித்த பதிவுக்கென விற்கும் வகையை மட்டும் போடுங்கள்.

இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிட்ட கேமரா மந்தமாகி அறுந்துகொண்டே இருந்தால் வேறு யாரோ அதைப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அது நினைவகத்தில் மட்டும் தங்குவதால் ரீஸ்டார்ட்டில் போய்விடும், ஆனால் பாஸ்வேர்டு அதேயானால் மறுபடி தொற்றும். ரூட்டரில் போர்ட் திறப்பை மூடி, பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

இணையம் நன்றாக இருக்கும்போது எல்லா வைஃபை கேமராக்களும் ஒரே நொடியில் போய் ஒரே நேரத்தில் திரும்பினால், அலையைத் தடுக்கும் கருவியும் ஒரு சாத்தியம். முக்கிய வாசலுக்கு மட்டுமாவது கேபிள் வழிக் கேமராவும் உள்ளூர்ப் பதிவும் வையுங்கள். ரூட்டரில் பிஎம்எஃப் (கேமராக்களைத் துண்டிக்கும் போலிச் செய்திகளை மறுப்பது) என்ற பாதுகாப்பு இருந்தால், கேமராக்கள் ஏற்றால், இயக்குங்கள்.

இனி ரீசெட்

மேற்கண்ட எதிலும் பிடிபடவில்லை என்றால்தான் ரீசெட். முதலில் கேமராவின் அமைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆப்பிலிருந்து கருவியை நீக்குங்கள். பல தயாரிப்புகளில் கருவி ஒரு கணக்கோடு கட்டப்பட்டிருக்கும், பழைய உரிமையாளர் நீக்காவிட்டால் புதுக் கணக்கு ஏற்காது. மின்சாரம் ஓடும்போதே பொத்தானை விளக்கு மாறும்வரை அழுத்துங்கள். சாதாரணமாக 5 முதல் 15 நொடி. ரூட்டருக்கு 2 மீட்டர் அருகே, இல்லாவிட்டால் குறுகிய கேபிளில், சேர்த்துப் பாருங்கள். அருகில் ஓடி, சுவரில் ஓடாவிட்டால் கேமரா நல்லதுதான். இடமும் கம்பியும்தான் பழுது.

சரிசெய்த பின் நேரடிப் படம் வந்ததும் ஏணியை மடக்கிவிடாதீர்கள். கேமராவின் ஒளி உணரியை மூடி இரவுநிலையில் 10 நிமிடம் ஓட்டுங்கள். வீட்டின் மொத்த மின்சாரத்தையும் 5 நிமிடம் நிறுத்தி மீண்டும் கொடுங்கள். எல்லாமே யாரும் தொடாமல் திரும்புகின்றனவா என்று எண்ணுங்கள். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றும் போனில் பதிவாகிறதா பாருங்கள். மாற்றிய பேட்டரியின் தேதியைச் செல்லின் மேலேயே மார்க்கரால் எழுதி, மூடியைக் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள்; சரியாக மூடாத மூடியும் சென்சாரை ‘பழுது’ என்று காட்டும்.